மாடிப்படிக்குப் பவுடர் போட்ட கதை

டச்சப் அக்காவின் கண்ணில் கறை பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் கன்னத்துப் பரு, கடைப் பலகையில் உரிந்துபோன எழுத்து, எதிர்ச் சுவரில் தண்ணீர் வழிந்த கோடு, எதைப் பார்த்தாலும் வலது கை ஆள்காட்டி விரல் லேசாகத் துடிக்கும். மவுஸ் இல்லாத இடத்திலும் மவுஸை அழுத்துகிற விரல் அது.

கடைவீதி முனையில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. முன்னால் கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் நீலத் திரை, அதற்கும் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் முகத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பாள். கருவளையம் போய்விடும். தெறித்த பொத்தான் மறுபடி முளைக்கும். குடும்பமே சிரிக்கும்போது ஒரு மாமா மட்டும் கண்ணை மூடியிருந்தால், வேறொரு படத்திலிருந்து அவருடைய திறந்த கண்ணைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவாள். மாமாவுக்கே தெரியாது. ஆள் முன்னால் நின்றால் பின்னால் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் சட்டம். சுவரில் விரிசல் இருந்தால் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு துண்டை எடுத்து மேலே அப்பிவிட வேண்டும். மின்கம்பி குறுக்கே போனால் அறுத்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் அப்பிய சுவர்களை அடுக்கினால் ஒரு நகரமே கட்டலாம்.

அதைவிடப் பெரிய பெயர் அவளுக்கு ஸ்லைடு ஷோவில். கல்யாணம், பிறந்தநாள், பணி ஓய்வு, நினைவுக் கூட்டம், எதுவானாலும் குடும்பத்தின் பழைய படங்களை வரிசைப்படுத்திப் பாட்டுப் போட்டு ஓட விடுவாள். மூன்றாவது பாட்டு வருவதற்குள் மண்டபத்தில் இருக்கும் ஆண்களுக்கெல்லாம் கண்ணில் தூசி விழுந்துவிடும். அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. திரையில் படம் வந்ததும் மூச்சு இழுப்பாள், விடும்போது அடுத்த படம். கூட்டமாக நிற்கிற படம் என்றால் மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வாள். ஏனென்றால் அதில் ஆளாளுக்குத் தன்னைத் தேட வேண்டும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் யாரும் முதலில் பார்ப்பதில்லை, தான் எங்கே நிற்கிறோம் என்றுதான் பார்ப்பார்கள். இந்த உண்மை தெரிந்த பிறகும் மனிதர்கள்மேல் அவளுக்கு எரிச்சல் வரவில்லை. அது பெரிய விஷயம்.

அவள் குடியிருந்தது ஒரு கம்பெனிக்குச் சொந்தமான பழைய குடியிருப்பில், மூன்றாவது மாடியில். வாடகை வாங்குவதில் அந்தக் கம்பெனி சூரியனைவிட ஒழுங்கு. மற்ற விஷயங்களில் அமாவாசை. மாடிப்படியின் ஓரங்கள் உதிர்ந்து உள்ளே இருக்கும் கம்பி பல்லைக் காட்டியது. திருப்பங்களில் பகலிலும் இருட்டு. இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே கைப்பிடிக் கம்பி அடியோடு இல்லை. அந்தக் கம்பி போன அன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர்.

அவர் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிற மனிதர், நிற்கிற படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, கம்பி சுவரைவிட்டுக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. இடுப்பு எலும்பு போனது. அதோடு வேலையும் போனது. இப்போது தடியை ஊன்றிச் சமதரையில் நடப்பார். பிடி இல்லாத படியில் அவரால் நின்று இறங்க முடியாது. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடியிருப்பில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் மதிய நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, குழந்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து இறங்குவார். அக்கா தடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். அவளைத் தவிர இதைப் பார்த்தவர்கள் கிடையாது. மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயேதான்.

"கீழ என்னத்த இருக்கு? எல்லா ஸ்டாப்பிங்கும் நான் பாத்ததுதான்" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு ஜன்னலுக்குப் போய், கீழே போகிற பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தையல்காரர் செயலாளர். கழுத்தில் அளவு நாடாவோடேயே கூட்டம் நடத்துகிறவர். படியைச் செப்பனிடச் சொல்லிச் சங்கம் மனு கொடுத்தது. மனு போனது. போன இடத்தில் மனு குடியேறிவிட்டது, வாடகை இல்லாமல். மறுபடி கொடுத்தார்கள். கம்பெனியின் பொறியாளர் ஒருநாள் வந்து, முதல் திருப்பம் வரைக்கும் ஏறி, சட்டையில் தூசி பட்டதும் இறங்கிப் போனார். கடைசியில் நிர்வாகக் குழுவே கூப்பிட்டு அனுப்பியது. வந்து நேரில் சொல்லுங்கள், எங்கள் அறையில் பெரிய திரை இருக்கிறது, படம் இருந்தால் போட்டுக் காட்டுங்கள் என்று.

தையல்காரர் நேராக ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஊர்ல இருக்கிற கல்யாண வீட்டையெல்லாம் அழ வைக்கிறியே, இந்தக் கம்பெனிக்காரங்களையும் ஒரு தடவை அழ வையேன்."

"அண்ணே, கேக்கணுமா? எங்க வீட்டுக்காரர் இறங்கணும்ணே" என்றாள் அக்கா.

விரிசலையும் உடைசலையும் படம் எடுத்து அனுப்பும்படி வீடு வீடாகச் சொல்லியாயிற்று. படங்கள் குவிந்தன. முதல் மாடியில் இருக்கும் பேக்கரிக்காரம்மா, விடிவதற்கு முன் ரொட்டி சுடப் போய் மதியம் திரும்புகிறவள், தலை வாரிப் பொட்டு வைத்துப் படியில் நின்று அனுப்பியிருந்தாள். பின்னால் விரிசல். இன்னொரு வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கேயோ உடைந்த படி. போன் கேமராவைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வேலையைச் செய்தாள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, ஒரு கையில் மவுஸ். முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, கூலியில்லாத வேலைக்கு இவ்வளவு அக்கறையா?" என்றார். "இதுதான் சார் என் சொந்த வேலை" என்றாள். அன்போடு செய்தாள். அன்போடு செய்ததில்தான் வினையே வந்தது. படத்தைப் புத்தகம் மாதிரி புரள விட்டாள். வயலின் போட்டாள். ஒவ்வொரு படத்தையும் திறந்ததும் விரல் தன் பாட்டுக்கு ஓடியது. முன்னால் ஆள் நிற்கிறார் அல்லவா, பின்னால் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா. அவள் மனம் வயலினில் இருந்தது, கண் முகத்தில் இருந்தது, கை மட்டும் பின்னாலிருந்த சுவரில் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் தையல்காரர் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள். கூட்டமான கூட்டம்.

"ஐயோ, நான் நல்லாவே இருக்கேன்க்கா!" என்றாள் பேக்கரிக்காரம்மா. "எங்க வீட்டுக்காரருக்கு இத அனுப்புங்க. அப்பவாவது அந்த மனுஷன் சம்பளத்த ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டுவரட்டும்."

ஆளாளுக்குத் தன்னைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், கைதட்டினார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்டக்டருக்குப் போனில் காட்டியபோது அவர் மட்டும் சொன்னார், "இது நம்ம படியா? இவ்வளவு லட்சணமான படியிலிருந்தா நான் விழுந்தேன்? அப்ப தப்பு என் மேலதான்." வழக்கமான குத்தல் என்று எண்ணி அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் அக்காவும் தையல்காரரும் பேக்கரிக்காரம்மாவும் போனார்கள். நிர்வாகக் குழுவின் அறையில் ஏசி உறுமியது. நீள மேஜை, பிஸ்கட் தட்டு, பொறியாளர், இன்னும் சில கனவான்கள். நடுவில் தலைவர், வெள்ளி ஃபிரேம் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். விளக்கை அணைத்தார்கள். வயலின் அழுதது. சுவரளவு திரையில் படங்கள் புரண்டன.

டச்சப் அக்கா தன் படங்களை அவ்வளவு பெரிதாக அன்றுதான் பார்த்தாள். இரண்டாவது படத்திலேயே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பேக்கரிக்காரம்மாவுக்குப் பின்னால் இருந்த சுவர் நேற்று வெள்ளையடித்த ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. இருட்டுத் திருப்பத்தில் நிலா வெளிச்சம். துருவைக் காணோம். உதிர்ந்த படி ஓரம் வெண்ணெய்க் கட்டி மாதிரி வழவழப்பு. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள். வயலின் ஏறிக்கொண்டே போனது, அதற்குள் அடுத்த படம் புரண்டது.

விளக்கு வந்தது. மேடம் உண்மையாகவே மகிழ்ந்துபோயிருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. யாரு பண்ணது? நீங்களா? எங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்கதான் வரணும்." பிறகு காகிதத்தைப் புரட்டினார். "ஒரே ஒரு சந்தேகம். மாடிப்படி இடிஞ்சு விழுதுன்னு மனு கொடுத்திருக்கீங்களே, அது எந்தக் கட்டடம்?"

"நான் அன்னைக்கே சொன்னேன் மேடம், பெரிசா ஒண்ணுமில்லன்னு" என்றார் பொறியாளர், பிஸ்கட்டை எடுத்தபடி.

தையல்காரர் கழுத்து நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தூக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் பழைய கை. "மேடம், இது குடியிருக்கிறவங்க யாருன்னு காட்டினது. படிய தனியா காட்டணும். இன்னொரு வாய்ப்பு கொடுங்க" என்று ஒரு போடு போட்டார். செலவை முடிவு செய்கிற கூட்டம் அடுத்த வாரம், அதற்குள் கொண்டுவந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்த வருஷக் கணக்கில்தான் என்று சொல்லி மேடம் எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பூசை.

"என் மூஞ்சிக்குப் போட்டது சரிக்கா, சுவத்துக்கு எதுக்குக்கா பவுடர்?" என்றாள் பேக்கரிக்காரம்மா. "விட்டா படிக்கு லிப்ஸ்டிக்கும் போட்டிருப்பீங்க."

அக்கா தலையைக் குனிந்தபடி நடந்தாள். தையல்காரர் திட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. கடைசியில் அவரே சொன்னார்: "கிழிஞ்சத கொடுத்தா என் கை தைக்கத்தான் போகும் தங்கச்சி. கிழிசல அப்படியே வெச்சுக் காட்டுன்னா எனக்கும் தடுமாறும். விடு. மூலப் படமெல்லாம் போன்ல இருக்குல்ல? அதப் போட்டா தீந்துது."

தீரவில்லை. அக்கா அந்த மூலப் படங்களைத் திறந்து பார்த்தாள். விரிசல் இருந்தது, யாருடைய காதுக்குப் பின்னாலோ. உடைந்த படி இருந்தது, யாருடைய சேலைக் கரைக்குக் கீழேயோ. எல்லாப் படத்திலும் சிரிப்பு. குற்றம் அவளுடையது மட்டும் இல்லை. இடிகிற கட்டடத்தைக் காட்டு என்றால், அதற்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டவர்கள் மற்றவர்கள்தான். ஆனால் யார் குற்றம் என்று கண்டுபிடித்துவிட்டால் படி முளைத்துவிடாது.

வீட்டில் கண்டக்டர் கதவருகிலேயே காத்திருந்தார்.

"என்ன ஆச்சு? போலாம் ரைட்டா, ஹோல்டானா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "தெனமும் அந்தப் படியிலதாங்க ஏறி இறங்குறேன். உங்கள இறக்கிக் கூட்டிட்டுப் போறவ நானு. நானே அத அழிச்சிருக்கேன் பாருங்க."

அவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நேத்து நான் சொன்னப்ப நீ நம்பல" என்றார். "எங்க, நான் சொன்னா எல்லாமே ஜோக்காத்தானே போகுது உனக்கு" என்று முனகினார்.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அது உறைத்தது. எல்லோரும் படத்தில் தன்னைத்தான் தேடுகிறார்கள். மேடமும் தேடுவார். அந்தப் படங்களில் மேடம் இல்லை, அதனால் முகங்களைப் பார்த்து ரசித்துவிட்டுப் போய்விட்டார். படத்தில் ஆளே இல்லாவிட்டால்? வெறும் படி மட்டும், அதுவும் மேலே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால்? அப்போது அந்தப் படியில் நிற்பது யார்? பார்க்கிறவர்தான். வேறு வழியே இல்லை.

முதலாளியிடம் கேமராவை இரவல் வாங்கி வந்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு திருப்பமாக எடுத்தாள். கொண்டுவந்து கண்டக்டரிடம் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"இது நீ இறங்குற படி. எந்தக் கல்லு ஆடும்னு உன் காலுக்குத் தெரியும், நீ பாட்டுக்குத் தாவிட்டுப் போயிடுவ. பாத்தா ஏதோ பழைய படி மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான்."

"அப்புறம் எப்படிங்க எடுக்கிறது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். "கேமராவ எங்கிட்ட கொடு" என்றார்.

"நீங்களா? உக்காந்துக்கிட்டா?"

"பின்ன என்ன, பறந்துக்கிட்டா?"

மதியம். குடியிருப்பு காலி. கண்டக்டர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அந்தக் கழுத்தில் தோல்பை தொங்கும். ஒரு படி நகர்வார், மூச்சு வாங்குவார், எடுப்பார். எது பயமாக இருக்கிறதோ அதை எடுத்தார். கம்பி நீட்டிக்கொண்டிருந்த படி ஓரம் அவர் கண்ணுக்கு நேராக நின்றது. இருட்டுத் திருப்பம் கிணறு மாதிரி வாயைத் திறந்தது. கைப்பிடி இல்லாத இடத்தில் இடது கையைப் பழக்கமாக நீட்டினார். அங்கே சுவரில் ஆணி பிடுங்கிய துளைகள்தான். நீட்டிய கையோடு ஒரு படம்.

அங்கேதான் பேக்கரிக்காரம்மா எதிரே வந்து நின்றாள். அவள் மதியம் திரும்புகிறவள் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். பன் அடங்கிய பை கையில், முகத்தில் மாவு. கண்டக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்க வழி இல்லை. கழுத்து வரை சிவந்துவிட்டார்.

பேக்கரிக்காரம்மா கேமராவைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், அவர் கையை ஊன்றியிருந்த விதத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. அவள் வாய் நீளமானதுதான். ஆனால் எங்கே நீள வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

"என்னண்ணே, வழிய மறிச்சு உக்காந்துட்டீங்க? டிக்கெட் எடுத்தாத்தான் மேல விடுவீங்களோ?"

கண்டக்டர் கையை நீட்டினார். "சில்லறையா கொடும்மா. மீதி கேக்காத" என்றார்.

"மீதிக்குப் பதிலா இந்தாங்க" என்று பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவர் மடியில் வைத்தாள். தன் வீட்டுக் கதவு கீழேயே இருக்க, எதற்கு மேலே வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோய், திரும்பி இறங்கிப் போனாள். போகும்போது அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

ஸ்டூடியோவில் உட்கார்ந்து அக்கா படங்களைக் கொட்டினாள். ஒரு பிரஷ்ஷையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வரிசைப்படுத்தினாள். ஒரு படத்தில் மட்டும் அந்தக் கை வெளியே வந்துவிட்டது. அதில் கண்டக்டரின் முழங்கால் விழுந்திருந்தது. நீட்டிய கால், சாயம்போன வேட்டி, குறுக்கே கிடந்த தடி. படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஓரத்தை வெட்டினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. விரல் துடித்தது. வெட்டாமல் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"உங்க முட்டி வந்திருக்குங்க. எடுத்துடவா?"

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேக்கரிக்காரி பாத்துட்டா. பன்னு கொடுத்தா. உலகம் ஒண்ணும் கவுந்துடல" என்றார். "இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நான் எப்படி இறங்குறேன்னு நீ வாயால சொல்லக் கூடாது. எவனும் ஐயோ பாவம்னு சொல்லி நான் கேக்க மாட்டேன்."

"சொல்ல மாட்டேங்க."

தையல்காரர் கூட்டத்துக்குப் போகும் வழியில் கேட்டார், "என்ன பாட்டு தங்கச்சி?"

"பாட்டு இல்லண்ணே."

"பாட்டு இல்லாம எப்படி அழுவாங்க?"

"அழ வேணாம்ணே. இறங்கட்டும்."

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு கதவு, உள்ளே இருந்து பார்க்கிற மாதிரி. சத்தம் இல்லை. ஏசி மட்டும் உறுமியது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தையல்காரர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அடுத்து முதல் படி. அடுத்த படி. புரளவில்லை, பறக்கவில்லை, ஒன்று போய் ஒன்று வந்தது. கல்யாணத்தில் ஒரு மூச்சு விடுவாள் அல்லவா, இங்கே ஒவ்வொரு படத்துக்கும் மூச்சு முட்டுகிற வரைக்கும் விட்டிருந்தாள். எங்கே காலை வைப்பது என்று பார்க்கிறவர்கள் தேட வேண்டும். தேடினார்கள். பிஸ்கட் மெல்லுகிற சத்தம் நின்றது. இருட்டுத் திருப்பத்தில் ஒரு கனவான் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு அந்தக் கை வந்தது. வெறும் சுவரை நோக்கி நீண்ட கை, பிடிக்க எதுவும் இல்லை. அக்கா திரையைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்த்தாள். மேடத்தின் இடது கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எடுத்த விதம் சரியில்ல மேடம்" என்றார் பொறியாளர். "எல்லாம் ரொம்பக் கீழேருந்து எடுத்திருக்காங்க. அதான் படி பெரிசா தெரியுது. ஆள் நிக்கிற உயரத்துல எடுத்தா இப்படி இருக்காது."

மேடம் திரும்பினார். "ஆமா, கவனிச்சேன். ஏம்மா இவ்வளவு கீழேருந்து எடுத்திருக்கீங்க?"

அறையே அவளைப் பார்த்தது. நல்ல கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் காரியம் முடியும். சொன்னால் வீட்டில் ஒருவர் இன்னொரு தடவை விழுவார். பேக்கரிக்காரம்மா பக்கத்தில் நெளிந்தாள், தொண்டையைச் செருமினாள். அக்கா அவள் கையை அமுக்கினாள். ஒன்றும் சொல்லாமல் பட்டனைத் தட்டினாள்.

முழங்கால். சாயம்போன வேட்டி. குறுக்கே தடி. ஊன்றிய உள்ளங்கையின் விளிம்பு. அந்தக் காலுக்கு அப்பால் கீழே போய்க்கொண்டே இருந்த படிகள்.

பொறியாளர் மேஜையில் ஏதோ தேடினார்.

"யாரு இது?" என்று மேடம் கேட்டார், குரல் இறங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மிச்சப் படங்களும் ஓடின. தெரு வாசல் வந்தது, வெயில் வந்தது. கடைசியில் தரையோடு தரையாகத் தெரு. நடக்கிறவர்களின் கால்கள், ஒரு பஸ்ஸின் சக்கரம். விளக்கைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. பேக்கரிக்காரம்மாதான் எழுந்து போட்டாள்.

"நீங்க போய்ப் பாத்தீங்கன்னு சொன்னீங்களே" என்று மேடம் பொறியாளரிடம் கேட்டார். "எதுவரைக்கும் ஏறினீங்க?"

பொறியாளர் சொன்ன பதில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. ஏசி சத்தம் அதிகம்.

கைப்பிடிக்கும் படிகளுக்கும் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. விளக்கு, சுவர்ப் பூச்சு இரண்டையும் பார்க்கலாம் என்றார்கள். நிர்வாகம் பார்க்கலாம் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று சங்கத்துக்குத் தெரியும். தையல்காரர் இறங்கி வரும்போதே அடுத்த மனுவின் முதல் வரியை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வெல்டர் வந்தார், கொத்தனார் வந்தார். குடியிருப்பு முழுக்கச் சிமெண்ட் தூசி. ஈரம் காய்ந்த ஒரு விடுமுறை நாள் காலையில் கண்டக்டர் சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் தடி, ஒரு கையில் புதுக் கம்பி என்று நின்றபடியே இறங்க ஆரம்பித்தார். பழுதான இடுப்பு ஒவ்வொரு படிக்கும் ஒரு யோசனை செய்தது. அன்றைக்கென்று பார்த்து எல்லா வீட்டிலும் வாசலில் ஏதோ வேலை. ஒருவர் செருப்பைத் துடைத்தார், ஒருவர் பூட்டுக்கு எண்ணெய் விட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லையாம். முதல் மாடியில் பேக்கரிக்காரம்மா மட்டும், "வண்டி எங்கண்ணே போகுது?" என்று கேட்டாள்.

"டெப்போவுக்கு. ஏறாத" என்றார்.

தெருவில் கால் வைத்ததும் கொஞ்ச நேரம் நின்று, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தார். ஒரு பஸ் போனது. இந்தத் தடவை அதன் கூரை தெரியவில்லை. பக்கவாட்டில் ஜன்னலோரத்து முகங்கள் தெரிந்தன.

"என்ன வேடிக்கை பாக்கிற? ஒரு படம் எடு" என்றார் அவளைப் பார்த்து.

எடுத்தாள். போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். வெற்றிலைக் கறைப் பல் தெரிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தான் இல்லை. பின்னால் பூச்சு உரிந்த சுவர், அதில் ஒரு நீள விரிசல். வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல அசைந்தது.

அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பல்லுக் கறைய எடுத்துடு. பொத்தானும் ஒண்ணு வெச்சுடு" என்றார். "சுவத்த மட்டும் தொடாத. அடுத்த கூட்டத்துக்கு வேணும்."